வீதியோரக் காப்புவேலி

வேலியில்லாத வளவு எம்மவர் கண்ணுக்கு வளவாகவே தோன்றுவதில்லை. கதியால் நாட்டிக் கிடுகு கட்டிய வேலியாயினும், பனைமட்டை வரிந்த வேலியாயினும், சுண்ணக்கல் மதிலாயினும், எல்லையைக் காட்டுவதும் உள்ளிருப்பதைக் காப்பதுமே வேலியின் தொழில் என்பது நாம் சிறுபராயத்திலேயே கற்றுக்கொண்ட பாடம். ஒரு சாண் நிலத்தின் பொருட்டு வேலிவழக்காடி, வழக்குச் செலவுக்காக அந்த வளவையே ஈடு வைத்தோர் கதையும் நாம் அறியாததன்று. இக்கட்டுரையிற் சொல்லப் புகுந்த வேலியோ வேறொரு வகையினது. அது நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்பது. தனக்குப் பின்னால் உள்ளதைக் காப்பது அதன் முதல் நோக்கமன்று. தன்மேல் வந்து மோதுகின்றவனைக் காப்பதே அதன் நோக்கம்.

தமிழாசிரியனுக்கு இரும்பு வேலியோடு என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். ஆண்டுதோறும் மாணவரைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியருள் யானும் ஒருவன். பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்டபின் கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகையில், பஸ்ஸின் முன்னிருக்கையில் இடப்புறமாக அமர்ந்திருப்பது என் வழக்கம். மாணவர் பின்னால் பாட்டும் கைதட்டலுமாக இருப்பர். ஒரு புறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளம், பள்ளத்துக்கும் எமக்கும் இடையே, முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில், வளைந்து வளைந்து செல்லும் ஓர் இரும்புத் தகடு. இத்தகடு இந்தப் பஸ்ஸைத் தாங்குமா என்னும் கேள்வி ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளத்தில் எழும். திருப்பம் கழிந்ததும் மறைந்துவிடும்.

2025 ஆம் ஆண்டிலே அக்கேள்வி மறையாது நின்றுவிட்டது. அவ்வாண்டு மே மாதம் 11 ஆம் நாள் அதிகாலையில் இறம்பொடைக்கு அண்மையிலுள்ள கரண்டியெல்லவில் பயணிகள் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான்கு மாதங்கூடக் கழியுமுன், செப்டெம்பர் 4 ஆம் நாள் இரவு, எல்ல - வெல்லவாய வீதியிற் சுற்றுலா சென்று திரும்பிய பஸ்ஸொன்று, வேறொரு வாகனத்தில் மோதி, வீதியோரத்து இரும்பு வேலியையும் மோதிக் கடந்து ஆழ்ந்த பள்ளத்தில் வீழ்ந்தது. 15 பேர் மாண்டனர். அங்கே வேலி இருந்தது. இருந்தும் பஸ் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை அறியும் விருப்பினால், இவ்வேலிகளைப் பற்றிய நூல்களையும் அறிக்கைகளையும் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுள் பொதுவாசகர்க்கு வேண்டியவற்றை இங்கு தருகின்றேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாரதிமார் இதனைக் 'காட் றெயில்' என்பர். தடுப்பு என்றும், பாதுகாப்பு வேலி என்றும் எழுதுவோர் உளர். தடுப்பு என்னும் சொல் நிறுத்திவிடுதலைக் குறிப்பது. இவ்வேலியோ ஓடிவரும் வண்டியை நேரே நிறுத்துவதற்காக ஆக்கப்பட்டதன்று. மெல்லத் திருப்பி வீதியின் வழியே செலுத்துவதற்காக ஆக்கப்பட்டது. ஆதலின் காப்புவேலி என்றே இங்கு வழங்குவாம்.

காப்புவேலியைப் பற்றிய முதற் பாடம் வியப்பானது: வேலி வேண்டாத வீதியே நல்ல வீதி. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மில்போர்டு என்னும் இடத்தில், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1924 ஆம் ஆண்டிலே மோட்டார் வண்டிகளைச் சோதிப்பதற்கு ஒரு திடலை அமைத்தனர். அங்கு கடமையாற்றிய கென்னத் ஸ்டோனெக்ஸ் என்னும் பொறியியலாளர், தேர்ந்த சாரதிகளே வண்டியோட்டும் அத்திடலிலும் வண்டிகள் அவ்வப்போது பாதையை விட்டு விலகி ஓடுவதைக் கண்டார். தேர்ந்தவனுக்கும் நேர்வது பொதுமகனுக்கு நேராதா? சாரதியைக் குறைகூறுவதோடு அமைதியடையாது, பாதையோரத்து மரங்களையும் கற்களையும் அகற்றுவித்து, பள்ளங்களைச் சாய்வாக்கி, விலகிய வண்டி தானே தேறி மீள்வதற்கு இடஞ்செய்தனர். அங்கு பெற்ற அறிவை அவர் 1960 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். வீதியை விட்டு விலகும் வண்டிகளுள் நூற்றுக்கு எண்பது 30 அடி தூரத்துக்குள் மீளவோ நிற்கவோ கூடும் என்னும் கணக்கும் அத்திடலில் எழுந்ததே. 1967 இல் அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் 30 அடி வெறுவெளியை வீதியோரங்களுக்கு விதந்துரைத்தமைக்கு அக்கணக்கே அடிப்படையாயிற்று.

அவ்வெளியில் யாதேனும் இடையூறு நின்றால் அதனை அகற்றவேண்டும். அகற்ற முடியாவிடின் தூரத்தே தள்ளவேண்டும். அதுவும் இயலாவிடின், மோதியவுடன் அடியோடு கழன்று விழத்தக்கதாக்கவேண்டும். பல நாடுகளில் விளக்குக் கம்பங்களும் வழிகாட்டிப் பலகைகளும் அவ்வாறே நாட்டப்படுகின்றன. இவையொன்றும் கைகூடாத இடத்திலேதான் வேலி. காரணம் வெளிப்படை. வேலியும் ஒரு தடைப்பொருளே; அதில் மோதினாலும் காயமுண்டு, சேதமுண்டு. பின்னாலிருப்பது வேலியினுங் கொடியதாயின் மட்டுமே வேலியை இடுதல் நியாயமாகும். மலைநாட்டுப் பள்ளத்தை அகற்றவும் முடியாது, தள்ளிவைக்கவும் முடியாது. எனவே அங்கு வேலி வேண்டுமா என்னும் வினாவுக்கு இடமில்லை. எத்தகைய வேலி என்பதே வினா.

இனி அது தொழிற்படும் முறையைப் பார்ப்போம். நாம் பெரிதும் காண்பது நாகமுலாம் பூசிய உருக்குத் தகட்டு வேலி. 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையிற் சென்றோர் அதனை நெடுந்தூரம் கண்டிருப்பர். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'டபிள்யூ' எழுத்தைப் பக்கவாட்டில் நிறுத்தியது போலிருக்கும். அமெரிக்காவில் வழங்கும் தகட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றருக்குங் குறைவு; தூண்களுக்கிடையேயுள்ள தூரம் 1.9 மீற்றர். இத்துணை மெல்லிய தகடு இரண்டு தொன் வண்டியைத் திருப்புவது எங்ஙனம்?

தன் விறைப்பினால் அன்று, இழுவையினாலேயே திருப்புகின்றது. முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டிய கொடிக்கயிற்றில் ஒருவன் சாய்ந்தால், கயிறு சற்று வளைந்து பின் அவனைத் தாங்குகின்றது. தாங்குவது கயிற்றின் நடுப்பகுதியாகத் தோன்றினும், உண்மையில் தாங்குபவை இரு தென்னைகளே. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் கயிறும் ஆளும் நிலத்தில். காப்புவேலியும் அத்தகையது. வண்டி மோதியதும் அவ்விடத்துத் தூண்கள் மண்ணிலே சாய்கின்றன. தகடு தூணிலிருந்து கழன்று, நாடாவைப் போல இழுபட்டு, வண்டியின் பக்கத்தைத் தழுவி நிற்கின்றது. தூண்கள் சாய்வது பழுதன்று. சாய்வதற்காகவே அவை நாட்டப்பட்டன. வண்டியின் சக்தியிற் பெரும்பங்கு அச்சாய்விலே செலவாகிறது. அந்த இழுவையை ஈற்றில் ஏற்பது வேலியின் இரு அந்தங்களிலுமுள்ள நங்கூரம். நங்கூரமில்லாத வேலி முடிச்சில்லாத கொடிக்கயிறே.

தகட்டுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு கட்டையைக் காணலாம். எட்டங்குலமோ பன்னிரண்டங்குலமோ இருக்கும். அது இல்லாவிடின் வண்டியின் சில்லு தூணிற் சிக்கி, வண்டி சுழன்றுவிடும். தூண் பின்புறமாகச் சாய்கையில் தகடு கீழே இறங்கிவிடாமல் தாங்குவதும் அக்கட்டையே. தகடுகளை ஒன்றன்மேலொன்று பொருத்துவதிலும் ஓர் ஒழுங்குண்டு. வண்டி வரும் திசையை நோக்கி வெட்டுவிளிம்பு நிற்கலாகாது; முன்னைத் தகட்டின் நுனி அடுத்த தகட்டை மேலே மூடியிருத்தல் வேண்டும். கூரை வேய்கின்றவன் மழைநீர் ஓடும் திசையை நினைந்து கிடுகை அடுக்குவது போன்றதே இதுவும். மாற்றி அடுக்கிய கிடுகு ஒழுகும்; மாற்றிப் பொருத்திய தகடு கிழிக்கும்.

வேலியின் வலிமைக்குக் கோணமும் பெருந்துணை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் 25 பாகைக் கோணத்திற் சரிந்து வந்து மோதும் வண்டியை எண்ணுக. அவ்வேகத்தில் வேலியை நேரே நோக்கிய கூறு மணிக்கு 42 கிலோமீற்றர் மாத்திரமே. எஞ்சிய கூறு வேலியின் போக்கிலே செல்வது. அது வேலியோடு உராய்ந்தும் தடுப்பினால் தணிந்தும் கழியும். கோணம் சிறியதாயின் வேலிக்கு வேலை இலகு. கோணம் பெரியதாயின் நிகழ்வது யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

உயரத்தின் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் நெடுங்காலம் தகட்டின் மேல்விளிம்பு நிலத்திலிருந்து ஏறத்தாழ 27 அங்குலத்தில் இருந்தது. தாழ்ந்த கார்களுக்கு அது போதியது. உயர்ந்த உடலமைப்புடைய வண்டிகள் பெருகியபின், அவை அவ்வேலியை மோதி அதன்மேல் ஏறிக் கவிழலாயின. நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் உயரத்தை 31 அங்குலமாக்கி, தகடுகளின் பொருத்தைத் தூணிலிருந்து இரு தூண்களின் நடுவுக்கு மாற்றி, இடைக்கட்டையையும் பன்னிரண்டங்குலமாக்கினர். நான்கு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணுவோர், வேலியின் உயரம் நிலத்திலிருந்தன்று, வண்டி ஓடும் தார்ப்பரப்பிலிருந்து அளக்கப்படுவது என்பதையும் கருதவேண்டும். வீதிக்கு மூன்றங்குலம் புதிதாகத் தாரிட்டால் வேலி மூன்றங்குலம் குட்டையாகின்றது. வேலியை எவரும் தொட்டிரார். வீதியும் முன்னையினும் அழகாயிருக்கும். சாரதியும் முன்னையினும் விரைந்தோடுவான்.

உருக்குத் தகட்டு வேலி மோதுகையில் ஏறத்தாழ ஒரு மீற்றர் பின்னே வளையும். ஆகவே அதன் பின்னால் ஒரு மீற்றர் வெறுநிலம் இருத்தல் வேண்டும். தூணைப் பிடித்து நிற்கும் மண்ணும் வேண்டும். தூணுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டடி மண்ணாவது இல்லாவிடின் தூண் சாயாது, பிடுங்கிக்கொண்டு வரும். குறுகிய மலைவீதியில் பள்ளத்தின் விளிம்பிலேயே நாட்டிய தூணுக்குப் பின்னால் இருப்பது காற்றேயன்றி வேறில்லை. அவ்வாறான இடங்களில் மிக நீண்ட தூண்களை நாட்டுவதோ, தூண்களை நெருக்கி நாட்டுவதோ, உருக்கை விடுத்துக் கொங்கிறீற்றுச் சுவரை நாடுவதோ வேண்டியதாகும்.

கொங்கிறீற்றுச் சுவர் வளையாதது. 1946 இல் கலிபோர்ணியாவின் மலைப்பாதையொன்றில் எதிரெதிர் ஓடும் வண்டிகளைப் பிரிப்பதற்கு அத்தகைய சுவர் இடப்பட்டது. 1955 இல் நியூ ஜேர்சி மாநிலத்தார் 18 அங்குல உயரமான சுவரொன்றை நாட்டி, அனுபவத்தைக் கண்டு படிப்படியாக உயர்த்தி, 1959 இல் 32 அங்குலத்தில் நிறுத்தினர். அதன் அழகு அடிப்பாகத்துச் சாய்விலுள்ளது. சிறு கோணத்தில் வரும் வண்டியின் சில்லு அச்சாய்வில் ஏறி, வண்டியைச் சற்று உயர்த்திப் பின் வீதிக்கே இறக்கிவிடும். உடற்பகுதி சுவரைத் தொடாமலே தப்புவதும் உண்டு. சிறிய கார்கள் மட்டும் அச்சாய்வில் மிகுதியாக ஏறிக் கவிழ்ந்தன. பின்வந்தோர் சாய்வின் முறிவை 13 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்குத் தாழ்த்திக் குறையைப் பெரிதும் நீக்கினர்.

வளைவதில் மறு எல்லை கம்பிவட வேலி. சுவீடன் நாட்டார், 13 மீற்றர் அகலமான இருவழி வீதிகளை மூன்று ஒழுங்கைகளாக்கி, நடுவில் கம்பிவடம் கட்டி, ஒரு திசையாருக்கு இரண்டு ஒழுங்கை, மறுதிசையாருக்கு ஒன்று என மாறி மாறி வரச் செய்தனர். முதலாவது அத்தகைய வீதி 1998 இல் யேவ்லே நகருக்கு வடக்கே தொடங்கியது. நேருக்கு நேர் மோதல் ஏறத்தாழ ஒழிந்தது; அவ்வீதிகளில் இறப்பு நாலில் மூன்று பங்கு வரை குறைந்தது. எனினும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் இவ்வேலியை ஐயத்தோடு நோக்குவதிற் பிழையில்லை. தகடாயினும் வடமாயினும், வீழ்ந்து சறுக்கி வரும் மனிதனின் உடலைத் தாக்குவது தூணே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், வளைவுகளில் தகட்டுக்குக் கீழே நிலத்தையொட்டி மற்றுமொரு தகட்டை இட்டுத் தூண்களை மறைக்கின்றனர். மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் மலிந்த எம் நாட்டில் இது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

வேலியின் நடுவைப் பற்றி இவ்வளவு போதும். அதன் நுனியைப் பற்றியே மிகுதியாகச் சொல்லவேண்டியுள்ளது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் பழமொழி எங்கேனும் முழுப்பொருளுடன் பொருந்துமாயின் இங்கேதான் பொருந்தும்.

தொடக்ககாலத்தில் தகட்டை வெட்டிய இடத்தில் அப்படியே விட்டனர். நேரே வந்து நுனியில் மோதிய காரினுள், இயந்திரப் பகுதியையும் துளைத்து, தகடு ஈட்டியைப் போல நுழைந்தது. பள்ளத்திலிருந்து காப்பதற்கு நாட்டியது, சமதரையிலே கொன்றது. இக்கொடுமையைக் கண்டு, நுனியை முறுக்கிச் சரித்து நிலத்திற் புதைத்தனர். ஈட்டி மறைந்தது, ஆனால் அவ்விடத்தில் ஓர் ஏற்றம் பிறந்தது. சரிந்த தகட்டின்மேற் சில்லு ஏறிய வண்டி, தென்னங்குற்றியில் ஏறிய மாட்டுவண்டி போல ஒரு புறமாகத் தூக்கி எறியப்பட்டுக் கவிழ்ந்தது. 1990 அளவில் அமெரிக்க மத்திய அரசு விரைவு வீதிகளிற் புதிதாக அவ்வாறு புதைப்பதை விலக்கியது.

அதன்பின் வந்தது உருக்குத் தலையொன்றைத் தகட்டின் நுனியில் மாட்டும் முறை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இதனை ஆக்கினர். வண்டி அத்தலையில் மோதியதும், தலை தகட்டின் வழியே பின்னோக்கித் தள்ளப்படும். இடியப்ப உரலில் மா புகுந்து இழையாக வெளிவருவது போல, 'டபிள்யூ' வடிவத் தகடு தலையின் ஒடுங்கிய வாயினுட் புகுந்து, தட்டையாக நசுங்கி, சுருளாக வெளியே விலகிச் செல்லும். நசுக்குவதிற் சக்தி செலவாகி வண்டி நிற்கும். ஈட்டியுமில்லை, ஏற்றமுமில்லை. மிக நல்ல கருத்து. ஆயின் 2005 ஆம் ஆண்டளவில் இவ்வகைத் தலையொன்றின் வழிப்பாகம் ஐந்தங்குலத்திலிருந்து நான்கங்குலமாக ஒடுக்கப்பட்டமை பற்றிப் பெரும் வழக்கொன்று எழுந்தது. 2014 இல் டெக்சாஸ் நீதிமன்றத்தில் யூரிமார் அதனை ஆக்கிய நிறுவனத்துக்கு எதிராகத் தீர்த்தனர். 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. வழக்கின் நியாயத்தை ஆராய்வது எம் வேலையன்று. ஓரங்குலத்தின் பொருட்டு ஒரு நாடே ஆண்டுக்கணக்காக வழக்காடியது என்பதே நாம் இங்கு காண்பது. எம்மூர் வேலிவழக்குகளை எள்ளி நகையாடுவோர் இதனையும் நினைவிற்கொள்வாராக.

மலைவீதிக்கு இவையனைத்தினும் எளிய வழியொன்றுண்டு. வீதியை வெட்டிய இடத்தில் மண்திட்டு உயர்ந்து நிற்குமாயின், வேலியின் நுனியை வளைத்து அத்திட்டினுள்ளே புதைத்து நங்கூரமிட்டுவிடலாம். அப்போது வெளியே நுனி என்பதொன்றே இல்லை. வேலி எங்கே தொடங்கவேண்டும் என்பதிலும் பலர் பிழைவிடுவர். பள்ளம் தொடங்கும் இடத்தில் வேலியும் தொடங்கினாற் போதாது. வண்டி அதற்கு முன்னரே வீதியை விட்டு விலகி, வேலியின் பின்புறத்தால் ஓடிப் பள்ளத்தில் வீழும். பள்ளத்துக்கு நெடுந்தூரம் முன்னதாகவே வேலி தொடங்கவேண்டும். வேகம் மிக்க வீதியில் அத்தூரமும் மிகும்.

பாலத்தூண், வீதி இரண்டாகப் பிரியும் மூலை முதலியவற்றுக்குத் தகட்டு வேலி பயன்படாது. அங்கே வரிசையாக நிறுத்தப்படும் மணற் பீப்பாய்களின் கதை ஒரு துயரிலே பிறந்தது. 1955 யூன் 11 ஆம் நாள், பிரான்சு தேசத்து லு மான் மோட்டார்ப் பந்தயத்தில், பியேர் லெவேக் என்பவர் ஓட்டிய மெர்சிடிஸ் வண்டி மற்றொன்றில் மோதி, பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்தது. 80க்கு மேற்பட்டோர் மாண்டனர், லெவேக்கும் மாண்டார். அதே வண்டியை அடுத்து ஓட்டுவதற்குக் காத்து நின்றவர் அமெரிக்கரான ஜோன் ஃபிட்ச். முன்னாட் போர் விமானியான அவர், மணல் நிரப்பிய கலங்களை அடுக்கிக் கூடாரத்தைக் காக்கும் போர்க்களப் பழக்கத்தை நினைவுகூர்ந்து, வீதியோரங்களுக்கு மணற் பீப்பாய் முறையை வகுத்தார். பீப்பாய்கள் ஒரே நிறையுடையனவல்ல. முதலில் நிற்பது 200 இறாத்தல் மணல் கொண்டது; அடுத்தடுத்து 400, 700, 1400 என ஏறி, இறுதியில் 2100 இறாத்தல் வரை செல்லும். வண்டி முதலில் இலேசானதைச் சிதறடித்துச் சிறிது வேகமிழக்கும். வேகங் குறையக் குறைய, கனத்தவை எதிர்ப்படும். நேரே சுவரில் மோதினால் ஒரு கணத்தில் இழக்கவேண்டிய உந்தத்தை, இவ்வாறு தவணை தவணையாக இழக்கின்றது. ஃபிட்ச் 2012 இல் 95 வயதிற் காலமானார். அவர் ஓட்டிய பந்தயங்களைக் காட்டிலும் அவர் நிறுத்திய பீப்பாய்களால் அவரை அறிந்தோரே மிகுதி.

இனி, முன்னிருக்கையில் எழுந்த கேள்விக்கு வருவோம். வேலிகள் எவ்வண்டியைத் தாங்கும் என்பது ஊகத்துக்கு விடப்படுவதில்லை. உண்மை வண்டியை உண்மை வேலியில் மோதவிட்டே அளக்கின்றனர். அமெரிக்காவின் இன்றைய விதியில், விரைவு வீதித் தகட்டு வேலிக்குரிய சோதனை வண்டிகள் இரண்டு: 1100 கிலோகிராம் கார் ஒன்று, 2270 கிலோகிராம் பிக்கப் ஒன்று, வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர், கோணம் 25 பாகை. ஐரோப்பிய விதியிற் பல படிகள் உண்டு. சாதாரணப் படியொன்றில் 1500 கிலோகிராம் கார் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் 20 பாகையில் மோதும். வேலி அப்போது பக்கவாட்டில் ஏற்கவேண்டிய சக்தி ஏறத்தாழ 82 கிலோயூல். பஸ்ஸுக்கான படியிலே 13 தொன் பஸ் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அதே கோணத்தில் மோதும். சக்தி 287 கிலோயூல். வேகங் குறைந்தும் சுமை மூன்றரை மடங்கு. முதற்படியில் மாத்திரம் தேறிய வேலியைப் பஸ் செல்லும் மலைவீதியில் நாட்டிவிட்டு, அது பஸ்ஸைத் தாங்கவில்லை என்று வியப்பது, கொடிக்கயிற்றில் மாட்டைக் கட்டிவிட்டு மாட்டை ஏசுவது போன்றது.

சுமையோடு உயரமுஞ் சேரும். பஸ்ஸின் ஈர்ப்புமையம் மேலே உள்ளது. வேலி அறாதுவிடினும், முழங்கால் உயரத்தில் அடி தடுக்கப்பட்ட பஸ் மேற்பாகத்தால் சரிந்து வேலிக்கு அப்பாற் கவிழலாம். பெரும் பாரவண்டிகளைத் தாங்குவதற்கு அமெரிக்கர் 42 அங்குலக் கொங்கிறீற்றுச் சுவர் கட்டுவது இதனாலேயே.

கோணத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவதாகச் சொன்னோம். சோதனைத் திடலின் 20 பாகையும் 25 பாகையும் நேர்வீதிக்குப் பொருந்துவன. கொண்டையூசி வளைவில், தடுப்புப் பிடிக்காத பஸ் நேரே ஓடிவந்து வெளிவிளிம்பிலே மோதும் கோணம் 45 பாகையாகவும் அதற்கு மேலாகவும் இருத்தல் கூடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் 45 பாகையில் மோதுவது, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் 20 பாகையில் மோதுவதற்குச் சற்றே மேலானது. 'ஐம்பதிலேதானே போகின்றோம்' என்று மலைவளைவில் ஆறுதலடைவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவனாயினும், சைன் அட்டவணையைக் காட்டிக்கொடுத்தால் செய்துவிடுவான். அத்தகைய வளைவுகளுக்கு வேண்டுவது பஸ்ஸுக்கெனச் சோதித்த உயர்ந்த வேலி, அல்லது அடியிற் கம்பிபோட்டுப் பாறையோடு பிணைத்த கொங்கிறீற்றுச் சுவர். வெள்ளையடித்த பழைய காவற்கற்கள் சில வளைவுகளில் இன்றும் நிற்கின்றன. இரவிலே விளிம்பைக் காட்டுவதற்கு அவை உதவும். ஓடிவரும் பஸ்ஸைத் தாங்குவதற்கு அல்ல.

கட்டணத்தைப் பற்றி முணுமுணுப்போர் உண்டு. மலைவீதி முழுவதற்கும் அத்தகைய சுவர் கட்டுதல் எந்நாட்டுக்கும் இயலாது, கட்டவும் வேண்டியதில்லை. பள்ளம் ஆழ்ந்தும், வளைவு கூர்ந்தும், இறக்கம் நீண்டும் ஒருங்கே வரும் இடங்கள் எண்ணிவிடத்தக்கன. அவ்விடங்களை அவ்வீதியில் நாள்தோறும் பஸ் ஓட்டும் சாரதிகளே விரல்விட்டுச் சொல்வர். எமது கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளராக விளங்குவோர் பலர். அவர்கள் அச்சாரதிகளோடு ஒருநாள் முன்னிருக்கையில் அமர்ந்து செல்வார்களாயின் பட்டியல் தானே உருவாகிவிடும்.

சென்ற முறை சுற்றுலா சென்றபோது, தேநீருக்காக ஓரிடத்தில் பஸ்ஸை வீதிக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். கடையின் பக்கத்திலேயே வேலியின் நுனியொன்று இருந்தது. அது திட்டினுட் புதைக்கப்படவில்லை. மீன்வால் போல விரிந்த தகடொன்று மாட்டப்பட்டிருந்தது. மாணவனொருவன் தன் பையிலிருந்த ஓரடி அளவுகோலை எடுத்து, தார்விளிம்பிலிருந்து தகட்டின் மேல்விளிம்பு வரை அளந்தான். 24 அங்குலம். ஐயமுற்று மறுபடியும் அளந்தான். அவனுடைய கால் நின்ற இடத்தில், பழைய தாரின்மேற் புதிய தார் இரண்டு படையாக, அடுக்கிய தோசை போல, விளிம்பிலே தெளிவாகத் தெரிந்தது.